மாஸ்டரின் பிளாஸ்க்கில் சர்க்கரைக்கொல்லி

என் அத்தானின் நாக்கைப் பற்றி நான் சொல்வதில் பாதியை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம். மீதிப் பாதியே உங்களை வாய்பிளக்க வைக்கும். கேக் கலவையில் விரல்நுனியை வைத்து ஒரு நக்கு நக்கினால் போதும். சர்க்கரை கூடுதலா குறைவா, எந்த வியாபாரியிடம் வாங்கியது, அந்த மூட்டையைச் சுமந்து வந்த ஆளுக்கு இடுப்பு வலி உண்டா என்பது வரை சொல்லிவிடுவார். இடுப்பு வலி மட்டும் என் கைச்சரக்கு. மற்றவை சத்தியம்.

அவர் பேக்கரி நடத்துகிறவர். வீதி முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். என் அக்காவின் கணவர் என்பதால் எனக்கு மட்டும் அத்தான். கீழே கடை, முதல் மாடியில் அவர்கள் வீடு, அதற்கும் மேலே ஒற்றை அறையில் நான். ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு லிஃப்டே இல்லாத கட்டடத்தில் படியேறிக்கொண்டிருக்கிறேன். காலையில் கடையின் மூலை ஸ்டூலில் பேப்பரோடு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். சும்மா உட்கார்ந்திருப்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது உழைக்கிறவர்களுக்குப் புரியாது.

அத்தானுக்குச் சர்க்கரை நோய். கேக் செய்கிறவருக்கு அது வருவது, தீயணைப்புக்காரர் வீட்டில் தீப்பிடிப்பது மாதிரி. அனுதாபத்தோடு கொஞ்சம் சிரிப்பும் வரும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பைத் தொடாதீர்கள் என்றார். தொடாமல் எப்படித் தொழில் செய்வது என்று அத்தான் கேட்டார். சரி, ருசி பார்க்க மட்டும் ஒரு துளி என்று டாக்டர் இறங்கி வந்தார். அந்தத் துளி அத்தானின் கையில் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கலவைக்கு ஒரு துளி, கிரீமுக்கு ஒரு துளி, வெந்த கேக்கின் ஓரத்தில் ஒரு துளி, உடைந்த பிஸ்கட் அனாதையாகக் கிடக்கிறதே என்று இரக்கத்தில் ஒரு துளி. மத்தியானத்துக்குள் ஒரு குளமே உள்ளே போயிருக்கும்.

அக்காவுக்கு இது சிரிப்பு வரும் விஷயம் இல்லை. எங்கள் அப்பாவின் வலது காலைச் சர்க்கரைதான் கொண்டுபோனது. புண்ணுக்குக் கட்டுப்போட்டு, கட்டை அவிழ்த்து, கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் காலில்லாமல் கூட்டி வந்ததும் அக்காதான். அத்தான் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அவள் கண் அவருடைய பாதத்துக்குத்தான் போகும். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது.

அத்தானுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மாவுத் தூசி தொண்டையில் படிகிறது என்று, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட கறுப்புத் தேநீரைச் சர்க்கரை இல்லாமல் ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து, காலை முழுக்க உறிஞ்சிக்கொண்டே வேலை செய்வார். அந்தத் தேநீரை நான் ஒருமுறை குடித்துப் பார்த்தேன். என் மூதாதையர்கள் எல்லோரும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கசப்பிலும் காரத்திலும் தார் கலந்தாலும் தெரியாது.

முதல் அறிகுறி கேக்கில் வந்தது. ஒரு நாள் அவர் கொடுத்த துண்டை வாயில் வைத்தேன். இனிப்பு மண்டைக்குள் ஏறிக் காது வழியாக வெளியே வந்தது. ஈ கூட ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கும். அத்தான் என் முகத்தையே பார்த்தார்.

"இனிப்பே ஏறலைல்ல, மச்சான்?"

ஏறி இறங்கி மறுபடியும் ஏறுகிறது என்றேன். முப்பது வருஷம் கிரீஸ் தின்ற நாக்கு என்று என்னை ஒதுக்கிவிட்டார். வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து, திகட்டுகிறது என்று சொன்னபோதும் அவர் நம்பவில்லை. சர்க்கரையில் கலப்படம் என்று வியாபாரியை மாற்றினார். புது மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மணலை மென்றவர் போல நின்றார். வேறு வியாபாரியைப் பிடித்தார். அவனும் மணல்தான் விற்றான். உலகத்துச் சர்க்கரை வியாபாரிகள் எல்லோரும் தன் ஒருவருக்கு எதிராகக் கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

நாக்கை ஒருமுறை டாக்டரிடம் காட்டலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அது தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அடித்துச் சொன்னார். எப்படி நிச்சயம் என்று கேட்டதற்கு, பார்வையை டிரே பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாக்கு நன்றாக இருந்து, சர்க்கரையும் நன்றாக இருந்தால், பிறகு யார் மேல் சந்தேகம் விழும்? கடையில் இரண்டே பேர்தான் வேலைக்கு. ஒருவர் ஓவன்காரர், பேசாமல் வேலை செய்யும் பெரியவர். இன்னொருத்தி பூக்காரம்மா. கிரீமில் பூப்போடுவதால் வந்த பட்டம். அவள் போட்ட ரோஜாவில் ஒருநாள் வண்டு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பத்தாவது தடவை சொன்னபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அவள் கிரீமுக்குச் சர்க்கரையைத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள். அத்தான் எவ்வளவு சொல்லியும் கூடுதலாக ஒரு கரண்டி போட மறுத்தாள்.

அன்று அவர் கிரீமை நக்கிப் பார்த்துவிட்டுக் கரண்டியை மேஜையில் வைத்தார்.

"சர்க்கரையைக் குறைச்சுட்டு, மீதியை எங்கே கொண்டுபோறே?"

வாசலில் ரொட்டி வாங்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூக்காரம்மா கிரீம் பையைக் கையில் எடுத்தாள். பாதியில் நின்ற ரோஜாவுக்கு மீதி இதழ்களையும் போட்டு முடித்தாள். கையைக் கழுவினாள். ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்து, தராசுத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். கல்லாவில் இருந்த அக்கா எழுந்து வாசல் வரை ஓடினாள், அங்கேயே நின்றுவிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தவள் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அக்கா என் அறைக்கு ஏறி வந்தாள். மூட்டு வலிக்காரி, காரணமில்லாமல் படி ஏறமாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, என் சட்டை காய்வதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அவ திருடலைடா. அவர் நாக்கை நான்தான் கட்டிப்போட்டிருக்கேன்."

பில்லி சூனியம் வைத்துவிட்டாளோ என்று ஒரு கணம் எனக்குக் குஷியாகக்கூட இருந்தது. விஷயம் அதைவிடச் சாதாரணமானது. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக் கம்பி வேலியில் ஒரு கொடி படர்ந்திருக்கிறது. சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் அதற்குப் பெயர். அந்த அம்மா ஓர் இலையைக் கிள்ளி அக்காவை மென்று பார்க்கச் சொல்லி, பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்திருக்கிறாள். இனிப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. உப்பு உப்பாக இருந்தது, புளிப்பு புளிப்பாக இருந்தது, சர்க்கரை மட்டும் மணலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பி வந்துவிட்டதாம். நாக்கில் ஆசையையும் அடக்கும், ரத்தத்தில் சர்க்கரையையும் குறைக்கும் என்று கேட்டதும் அக்காவுக்கு அப்பாவின் கால் ஞாபகம் வந்திருக்கிறது. இலையைக் காயவைத்துப் பொடித்து, தினமும் அத்தானின் பிளாஸ்க்கில் ஒரு கரண்டி போட்டிருக்கிறாள். இனிப்பு இனிக்காவிட்டால் மனிதர் தானாக விட்டுவிடுவார் என்பது கணக்கு. அவர் ருசி பார்த்துப் பிழைக்கிறவர் என்பது கணக்கில் விட்டுப்போயிற்று. அதுவும் காலை முழுக்க உறிஞ்சுகிறவர். நாக்கு விழித்துக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை.

உடனே சொல்லிவிடு என்றேன். சொல்லத்தான் போகிறேன், ஆனால் அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதில் சர்க்கரை குறைந்திருப்பதைக் காட்டிக்கொண்டே சொன்னால் அவரால் கோபப்பட முடியாது என்றாள். எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள். தையல் கடை அம்மா இன்னொன்றும் சொன்னாளாம்: மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே என்று.

"கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாரோன்னு கேக்கலை."

அதற்குப் பிறகான நாட்களில் நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர ஒரு வரி படிக்கவில்லை. அத்தான் தானே தராசு வைத்துக் கிரீம் அடித்தார். நக்கிப் பார்த்தார். இன்னும் போட்டார். பிறகு ஸ்டூலை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பூக்காரம்மாவின் கிரீமிலும் இப்படித்தான் இருந்தது, இது அவள் வேலை இல்லை போலிருக்கிறது என்றார், என்னிடம் இல்லை, தன் கைகளிடம். போய்க் கூப்பிடலாமே என்றேன். எந்த முகத்தோடு போவது என்றார். நாக்கு போன மாஸ்டருக்குக் கடை எதற்கு, ஓவன்காரரிடம் விட்டுவிட்டு உன்னோடு சேர்ந்து பேப்பர் படிக்கிறேன் என்றும் சொன்னார். என் தொழிலுக்கு ஆள் சேர்வதில் வேறு சமயமாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

இதை அக்காவிடம் சொன்னபோது கரண்டி அவள் கையில் இருந்தது. நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன் என்றாள். மறுநாள் காலையில் நிறுத்தவில்லை. பரிசோதனைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, அரைக் கரண்டி போட்டுவிட்டேன் என்று அவளே வந்து சொன்னாள். அத்தான் இளைத்துக்கொண்டே போனார். அவள் அதை மருந்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவள் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்ததையும் பார்த்தேன். இரண்டு பேரும் போட்டிபோட்டு இளைத்தார்கள்.

ஓர் அலுவலகத்தின் ஆண்டு விழாவுக்குப் பெரிய கேக் ஆர்டர் வந்திருந்த காலை அது. அத்தான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டோடு கலவையில் போடுவதைப் பார்த்தேன். முகத்தில் வேர்வை, ஓவன் பக்கத்தில் நிற்பவர்தானே என்று நினைத்தேன். பிறகு கை நடுங்கியது. மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தவர், அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தார்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஓவன்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது; அவர் தம்பிக்கு இப்படி வந்திருக்கிறதாம். ஒரு டம்ளரில் கெட்டியாகச் சர்க்கரையைக் கரைத்து வாயில் வைத்தார். அத்தான் ஒரு வாய் குடித்தார். துப்பினார். டம்ளரைத் தட்டிவிட்டார்.

"வெறும் தண்ணி. நீயும் பூக்காரம்மாவோட சேர்ந்துட்டியா?"

ஓவன்காரர் குழம்பிப்போய், தவறான டப்பாவை எடுத்துவிட்டோமோ என்று உள்ளே ஓடினார். வேறு டப்பாவிலிருந்து அள்ளிக் கரைத்துக் கொண்டுவந்தார். அதையும் அத்தான் துப்பினார். கண்கள் எங்கோ பார்த்தன, வார்த்தை குழறியது, எல்லோரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குகிறீர்கள் என்று என் சட்டையைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். நான் கத்தியதில் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். மூட்டு வலிக்காரி எப்படி இறங்கினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடை வாசலில் ரொட்டி வாங்க வந்தவர்கள் வேறு நின்றிருந்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. டம்ளரை வாங்கி அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"என்னங்க, இது சர்க்கரைதான். உங்களுக்குத்தான் இனிக்காது. உங்க பிளாஸ்க்குல நான் இலைப்பொடி போட்டுட்டேன். தினமும் போட்டேன். பூக்காரம்மா ஒண்ணும் பண்ணலை, நீங்களும் ஒண்ணும் பண்ணலை, உங்க நாக்குக்கு ஒண்ணுமில்லை. என்னை அப்புறமா என்ன வேணா பண்ணுங்க. இப்ப இதை முழுங்குங்க."

அத்தான் அவளையே பார்த்தார். அந்த மூளை மூட்டத்தில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியாது. பல் மட்டும் திறந்தது. மணல் கரைசலை மடக் மடக்கென்று குடித்தார். ஓவன்காரர் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். அதையும் குடித்தார். நடுக்கம் மெல்ல அடங்கியது. அக்காவின் நடுக்கம்தான் ஆஸ்பத்திரி போகும்வரை அடங்கவில்லை.

டாக்டரம்மா இளம் வயசு. கேட்டுக்கொண்டே எழுதினாள். மாத்திரை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டபோது, ஒழுங்காகத்தான் என்று அக்கா சொல்ல, கட்டிலிலிருந்து அத்தான் தொண்டையைச் செருமினார்.

ஒழுங்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்திருக்கிறார். கிரீமைத் தானே அடித்தும் இனிக்காதபோது, நோய் நாக்கைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டார். அதற்கு முன் நாக்கு நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பேக்கரியில், பூக்காரம்மா போகும்வரை தினமும் ஒரு கேக் சாப்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் இலையின் வேலை முடிந்திருக்கும், கேக் தித்தித்திருக்கிறது. அங்கே இனிக்கிறது, தன் கடையில் இனிக்கவில்லை என்றால் தன் கடையில்தான் திருட்டு என்று முடிவு கட்டியிருக்கிறார். எதிரிக் கடைக் கேக்கைத் தின்றுவிட்டு வந்து தன் கடைப் பெண்ணைத் திருடி என்ற மனிதர், இதைச் சொல்லும்போது போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த இலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி இருப்பதாகத்தான் தெரிகிறது, அதனால்தான் ஆபத்து என்றாள். மாத்திரையும் இழுக்கிறது, இலையும் இழுக்கிறது, இரண்டும் ஒரே பக்கம். வீட்டில் பொடித்த ஒரு கரண்டியில் எவ்வளவு சத்து இருக்கும், இன்றைய கரண்டியும் நாளைய கரண்டியும் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் படித்திருக்கிறாள். விஷம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மருந்து என்று நம்பிக் கொடுத்தால் மருந்தைப் போலவே நடத்த வேண்டும், எங்களிடம் சொல்லியிருந்தால் மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது என்று பார்த்திருப்போம் என்றாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டு ஒன்று சொன்னாள்.

"தூக்கத்துல இப்படி இறங்கியிருந்தா, எழுப்பியிருக்க முடியாதும்மா."

அக்கா தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பொடி டப்பாவை அக்காவே குப்பையில் கொட்டினாள். அவர் பேப்பரை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். உப்பு சரியா என்று கேட்டால் சரி என்றார். இருவரும் அந்நியர்போலக் காட்டிய அந்த மரியாதையைப் பார்க்கச் சகிக்காமல் நான் வெளியே சாப்பிட்டேன்.

பூக்காரம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அக்காதான் சொன்னாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அத்தான் கூடவே வந்தார். ஆனால் அந்தக் கட்டடத்தின் கீழே வந்ததும், கால் வலிக்கிறது, நீங்கள் போங்கள் என்று படிக்கட்டில் நின்றுவிட்டார். அந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் இல்லை; என் ராசி அப்படி.

பூக்காரம்மா கதவைத் திறந்தாள். கையெல்லாம் கிரீம், யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேக் செய்துகொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. அக்கா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஓர் இலை விடாமல். நடுவில் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பூக்காரம்மா கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது சரிக்கா. ஆனா என்னைத் திருடின்னு சொன்னது உங்க இலை இல்லையே."

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். வந்து கதவருகே நின்றார். பூக்காரம்மா உள்ளே போய்க் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். கிரீமை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள்.

"பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர். சர்க்கரை இருக்கா?"

அத்தான் கரண்டியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். இத்தனையும் எதை நிறுத்துவதற்காகச் செய்தாளோ, அது அந்தக் கரண்டியில் வெள்ளையாக நின்றது. அக்கா கரண்டியைத் தன் கையில் வாங்கினாள். பாதியைக் கிண்ணத்திலேயே தட்டிவிட்டு, மீதியை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் மீசையில் கொஞ்சம் ஒட்டியது.

அத்தான் கண்ணை மூடினார். கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று சொல்வேன். நான் பிடித்துக்கொண்டது நிச்சயம்.

"அளவா இருக்கு," என்றார். "அன்னிக்கும் அளவாத்தான் இருந்திருக்கும். நான் சொன்னது தப்பும்மா. வாசல்ல நாலு பேர் இருக்கிறப்போ சொன்னேன். நாளைக்கு அதே மாதிரி நாலு பேர் இருக்கிறப்போ திருப்பிச் சொல்றேன்."

பூக்காரம்மா கரண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினாள். அதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்தது என்பதால் மூன்று பேரும் மூடிய கதவுக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பினோம்.

இறங்கும்போது பாதிப் படியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். மூட்டு என்று நினைத்தேன். மூட்டு இல்லை.

"என்னை ஒரு வார்த்தை திட்டலையே நீங்க," என்றாள்.

அத்தான் அவளுக்கு ஒரு படி கீழே நின்று, மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"திட்டிட்டா உனக்குப் பாரம் இறங்கிடும். கொஞ்ச நாள் இருக்கட்டும்." கையை நீட்டினார். "எனக்கும்தான் ஒரு பாரம் இருக்கு. எழுந்திரு."

அவள் கையைப் பிடித்து எழுந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆனால் பிடித்த கையை விடாமல், ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பின்னால் நான், வாழ்க்கையில் முதல்முறையாக மிகைப்படுத்த ஒன்றுமில்லாமல்.